அடுப்பங்கரையில் அறிந்திருக்க வேண்டியவை: எரிவாயு அடுப்பின் பராமரிப்பும் பாதுகாப்பான சமையலும்

எங்கள் தீக்காய மற்றும் ஒட்டறுவை சிகிச்சைப் பிரிவின் வெளிநோயாளர் அறைக்கு அண்மையில் ஒரு மூதாட்டி தம் மருமகளுடன் வந்திருந்தார். இரு கைகளிலும் தோல் ஒட்டுச் சிகிச்சை முடிந்து, விரல்களை மடக்கி நீட்டும் பயிற்சிக்காக அவர் மாதந்தோறும் வருபவர். அன்று புறப்படும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார்: "நான் இனிமேல் அடுப்பு பற்ற வைக்கலாமா, டாக்டர்?" மருமகள் எங்களைப் பார்த்து வேண்டாமென்று கண்ணால் சைகை செய்தார். அந்த ஒரு கேள்விக்குச் சரியான விடை சொல்ல முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

அவருக்கு நேர்ந்தது இதுதான். முந்தைய இரவு சிறிய பர்னரில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்து சுடரை அணைத்துவிட்டது. பால் பாத்திரத்தை இறக்கி வைத்தவர்கள், சுடர் இல்லாததைக் கண்டு அடுப்பு அணைக்கப்பட்டுவிட்டதாகவே எண்ணினர். குமிழ் திறந்தே இருந்தது. ரெகுலேட்டரும் மூடப்படவில்லை. சன்னலும் கதவும் சாத்தப்பட்ட சமையலறையில் இரவு முழுவதும் வாயு கசிந்து நிறைந்தது. விடியற்காலை காப்பி போட எழுந்த மூதாட்டி கதவைத் திறந்து, வழக்கம்போல் விளக்கின் சுவிட்சைத் தட்டினார். வாயுவின் வாடை அவருக்குத் தெரியவில்லை. பல ஆண்டுகளாக இருந்த மூக்கடைப்பு நோயால் அவருக்கு முகர்வுணர்வு குன்றிப்போயிருந்தது.

எங்கள் பிரிவுக்கு வருவோரிடம் கேட்டால், இத்தகைய விபத்துகள் பெரும்பாலும் இதே வடிவில்தான் நடக்கின்றன. சிலிண்டர் வெடிப்பது மிக அரிது. "சிலிண்டர் வெடித்தது" என்று சொல்லப்படும் நிகழ்வுகளில் பலவற்றில் சிலிண்டர் முழுதாகவே இருக்கும். வெடித்தது அறையில் தேங்கிய வாயு. இந்த வேறுபாட்டை உணர்ந்தால், எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

வாயுவின் இயல்பு

நம் வீடுகளில் உள்ள 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அழுத்தத்தின் காரணமாக அது திரவ நிலையில் இருக்கிறது. வெளியே வந்ததும் வாயுவாக மாறி, ஏறக்குறைய 250 மடங்கு விரிகிறது. ஆகவே சிறிய கசிவும் பெரிய இடத்தை நிரப்பும். இவ்வாயுவுக்கு இயற்கையில் நிறமோ மணமோ கிடையாது. நாம் உணரும் அழுகிய வாடை, எச்சரிக்கைக்காகவே சேர்க்கப்படும் எத்தில் மெர்கேப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தினுடையது.

இவ்வாயு காற்றைவிடக் கனமானது. எனவே அது மேலெழும்பிப் போகாமல் தரையோடு பரவி, அலமாரியின் அடியிலும் தொட்டியின் கீழும் தேங்கி நிற்கும். உயரத்தில் ஒரு சிறு சன்னல் இருந்தால் போதும் என்று எண்ணுவது தவறு; கதவின் அடியில் இடைவெளியோ சுவரின் கீழ்ப்பகுதியில் காற்றுத் துளையோ இருப்பது அவசியம். கசிவை அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவி வாங்குவோரும் அதைக் கூரையருகே மாட்டாமல் தரைக்குச் சற்று மேலே பொருத்த வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அதை எக்ஸாஸ்ட் விசிறிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். அங்கே அது அழகுக்கு மட்டுமே பயன்படும்.

மற்றொரு செய்தி. காற்றில் இவ்வாயு சுமார் 2 முதல் 9 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பற்றும். அதற்குக் கீழே பற்றாது, மேலேயும் பற்றாது. இரண்டே விழுக்காடு போதும் என்பதே அச்சத்துக்குரியது. அந்நிலையில் ஒரு சுவிட்சின் உள்ளே தோன்றும் கண்ணுக்குத் தெரியாத பொறி போதுமானது. சுவிட்சைப் போடும்போது மட்டுமல்ல, அணைக்கும்போதும் பொறி தோன்றும். குளிர்சாதனப் பெட்டி தானாக இயங்கி நிற்கும் ஒவ்வொரு முறையும் அது நேரலாம். சிறிய சமையலறைக்குள் குளிர்சாதனப் பெட்டியை வைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

எவற்றைப் பேண வேண்டும்

முதலில் குழாய். அடுப்பை வாங்கிய நாளில் பொருத்திய ரப்பர் குழாயே பத்தாண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் பல. எண்ணெய்ப் பிசுக்கும் அடுப்பின் வெப்பமும் சேர்ந்து ரப்பரை இறுகச் செய்து, வளையும் இடங்களில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகின்றன. எலிகள் கடிப்பதும் உண்டு. இப்போது விநியோகஸ்தர்களிடம் கிடைக்கும் சுரக்ஷா என்னும் ஆரஞ்சு நிறக் குழாயின் உள்ளே எஃகுக் கம்பி வலை உள்ளது. எலியின் பல்லுக்கு அது எளிதில் இடம் கொடாது. அதன் ஆயுள் 5 ஆண்டுகள். குழாயின் மேலேயே விவரம் அச்சிடப்பட்டிருக்கும். ஒருமுறை படித்துப் பார்த்து, நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். குழாயின் நீளம் ஒன்றரை மீட்டருக்கு மிகாதிருப்பது நல்லது. இரண்டு குழாய்களை இணைத்து நீட்டுவதும், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று துணி உறை தைத்துப் போடுவதும் கூடாது. உறைக்குள் இருக்கும் வெடிப்பு எவர் கண்ணிலும் படாது.

சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகள் ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிக்கின்றன. 'பி-28' என்றால், 2028 ஜூன் மாதத்துக்குள் அந்தச் சிலிண்டர் மறு சோதனைக்கு அனுப்பப்பட வேண்டும் என்று பொருள். நாள் கடந்த சிலிண்டரை ஏற்க மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதைக் கொண்டுவரும் ஊழியர் முன்னிலையிலேயே மூடியைத் திறந்து, வால்வின் உள்ளே உள்ள ரப்பர் வளையம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு அவசரம் இருக்கலாம். அதற்காக நாம் அவசரப்பட வேண்டியதில்லை. நூலில் கட்டித் தொங்கும் பிளாஸ்டிக் மூடியை அறுத்தெறியாமல் சிலிண்டரோடு விட்டுவையுங்கள். கசிவு நேரும்போது வால்வை அடைக்க அந்த மூடியே கைகொடுக்கும்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். வாயு தீரும் தறுவாயில் அதைப் படுக்க வைத்தும் வெந்நீரில் வைத்தும் கடைசிச் சொட்டுவரை எடுக்க முயலும் பழக்கம் இன்னும் மறையவில்லை. படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் புகும். சுடர் திடீரெனப் பலமடங்கு எழும். அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். தரையில் அடுப்பை வைத்து, அருகே அமர்ந்து சமைப்பவர்களின் சேலைத் தலைப்புக்கும் தவழும் குழந்தைக்கும் அச்சுடர் எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. மேடை அமைக்க வசதியில்லாத வீட்டில் உறுதியான ஒரு கல் பலகையாவது போட்டுக்கொள்ளலாம்.

சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால், வாயுவோடு போதிய காற்று கலக்கவில்லை என்று பொருள். அப்போது கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சு வாயு மிகுதியாக உண்டாகும். பொங்கி வழிந்த பாலும் குழம்பும் பர்னரின் துளைகளை அடைத்திருக்கலாம். காற்று உள்ளே வரும் வழியில் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம். கரப்பான் பூச்சி புகுந்திருக்கலாம். வாரம் ஒருமுறை, ரெகுலேட்டரை மூடி அடுப்பு நன்கு ஆறிய பிறகு பர்னர் தலைகளைக் கழற்றி, சோப்பு நீரில் ஊறவைத்துத் தேய்த்து, துளைகளை மெல்லிய கம்பியால் சீர்செய்து, முழுக்க உலர்ந்த பின்பே மீண்டும் பொருத்துங்கள். குமிழ்கள் இறுகிப்போனாலோ, ரெகுலேட்டரில் சீறும் ஒலி கேட்டாலோ நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம். அது விநியோகஸ்தரின் பணியாளர் செய்ய வேண்டிய வேலை.

கசிவு இருக்கிறதா என்று அறிய ஒரு குவளை சோப்பு நீர் போதும். குழாய் ரெகுலேட்டரோடு சேரும் இடத்திலும், அடுப்போடு சேரும் இடத்திலும், குழாயின் நீளம் முழுவதிலும் தடவிப் பாருங்கள். குமிழிகள் எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சியைக் கொளுத்திச் சோதித்ததாகச் சொன்ன ஒருவருக்கு நாங்கள் மூன்று வாரம் சிகிச்சை அளித்தோம்.

இவை அனைத்திலும் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க முடியும் என்பவர்களுக்கு: இரவில் கடைசிச் சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுங்கள். சுடர் அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் அமைப்பு பெரும்பாலான வீட்டு அடுப்புகளில் இல்லை. அந்த மூதாட்டியின் வீட்டில் அன்றிரவு ரெகுலேட்டர் மூடப்பட்டிருந்தால் மறுநாள் அவர் காப்பி குடித்திருப்பார்.

மொட்டை மாடியில் கிரில்

அண்மைக் காலமாக எரிவாயுவால் இயங்கும் கிரில் அடுப்புகளைச் சிலர் வாங்கி, விடுமுறை நாள்களில் மாடியில் கோழியும் மீனும் வாட்டுகின்றனர். மேற்சொன்ன அனைத்தும் அதற்கும் பொருந்தும். கூடுதலாக இரண்டு செய்திகள். மூடியுள்ள கிரிலைப் பற்ற வைக்கும்போது மூடி திறந்தே இருக்க வேண்டும். முதல் முயற்சியில் பற்றாவிட்டால் வாயுவை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்தே மறுபடி முயல வேண்டும். மூடிய பெட்டிக்குள் தேங்கிய வாயு ஒரே வீச்சில் பற்றினால் குனிந்திருப்பவரின் முகத்தைத்தான் தாக்கும். இரண்டாவது, இறைச்சியிலிருந்து உருகி வடிந்த கொழுப்பு தட்டில் சேரச் சேர அதுவே எரிபொருளாகிவிடும். ஒவ்வொரு முறையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். மழை வந்தது என்று கிரிலை அறைக்குள் கொண்டுசெல்வது கூடாது. கரி அடுப்பானால் இது இன்னும் கண்டிப்பான விதி. மலைவாசஸ்தலங்களில் குளிருக்காக அணையாத கரி அடுப்பை அறைக்குள் வைத்து உறங்கியவர்கள், கார்பன் மோனாக்சைடு நச்சால் எழாமலே போனதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

சிகிச்சையில் இருப்போருக்குத் தனிக் கவனம்

இந்தச் செய்திமடலைப் படிப்பவர்கள் நோயாளிகளும் அவர்களைப் பேணுபவர்களும் என்பதால், இப்பகுதியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி பயன்படுத்துவோர் எரியும் அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. ஆனால் அது சட்டையிலும் தலைமுடியிலும் போர்வையிலும் படிந்து நிற்கும்போது, சாதாரணமாக மெதுவாகப் பற்றும் துணி நொடியில் பற்றிக்கொள்ளும். மூக்கில் குழாயோடு எழுந்து வந்து ஒரு தேநீர் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். குழாயைக் கழற்றிய உடனேயும் வராதீர்கள். அரை மணி நேரமாவது காற்றோட்டத்தில் இருந்துவிட்டு வாருங்கள்.

தோல் நோய்க்காகப் பாரஃபின் கலந்த களிம்பு பூசுவோரின் உடையிலும் படுக்கை விரிப்பிலும் அது ஊறிவிடும். அத்தகைய துணி திரிபோல எரியும். ஒருமுறை துவைப்பதால் முழுதும் நீங்காது. சமைக்கும்போது வேறு உடை உடுத்துங்கள். கிருமிநாசினித் திரவத்தால் கையைத் துடைத்த உடனே அடுப்பைப் பற்ற வைக்கவும் வேண்டாம். அதில் இருப்பது ஆல்கஹால். கை உலர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீண்டகால நீரிழிவால் உணர்விழந்த கைகள் சூட்டை அறியாது. சூடான தோசைக்கல்லை வெறும் கையால் நகர்த்தி, மாலையில் கொப்புளத்தைக் கண்ட பிறகே விவரம் புரிந்தவர்கள் எங்களிடம் வருகிறார்கள். அத்தகையோர் தடித்த பிடிதுணியைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். வலிப்பு நோயுள்ளவர்கள் தனியாகச் சமைப்பதைத் தவிர்ப்பது நல்லது; தவிர்க்க முடியாதபோது சுடரில்லாத இண்டக்‌ஷன் அடுப்பை நாடலாம்; பாத்திரக் கைப்பிடிகளை உட்புறமாகத் திருப்பி வைக்க வேண்டும். முதுமையிலும், நெடுநாள் சளி நோயிலும், கோவிட் தொற்றுக்குப் பின்னும் முகர்வுணர்வு குன்றியவர்கள் அதைக் குடும்பத்தாரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை, சிலருக்கே அது தெரிவதில்லை. காப்பித்தூள் டப்பாவைக் கண் மூடி முகர்ந்து பார்க்கச் சொல்வது வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை.

உடையைப் பற்றி ஒரு சொல். நைலான், பாலியஸ்டர் துணிகள் எரிவதோடு உருகித் தோலில் ஒட்டிக்கொள்கின்றன. பருத்தியும் எரியும், ஆனால் உருகாது. துப்பட்டாவை முடிந்து, தலைப்பை இடுப்பில் செருகி, தளர்ந்த கையுள்ள நைட்டியைத் தவிர்த்துச் சமையுங்கள். முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்து இறக்குவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். எங்கள் பிரிவின் படுக்கைகளில் அதன் விளைவைக் காண்கிறோம்.

கசிவு நேர்ந்தால், தீப்பற்றினால்

வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். எரியும் விளக்கை எரியவும், அணைந்ததை அணைந்தபடியும் விடுங்கள். எக்ஸாஸ்ட் விசிறியைப் போடக் கூடாது. பூஜை விளக்கு எரிந்தால் அதை அணைத்துவிட்டு, ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து வெளியே வாருங்கள். கைபேசியை வெளியே வந்த பிறகே எடுங்கள். எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906. இரவும் பகலும் இயங்குவது. தீ பரவினால் 101.

வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். நீர் எண்ணெய்க்கு அடியில் சென்று நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசியடிக்கும். அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காதிருங்கள்.

உடையில் தீப்பற்றியவர் ஓடக் கூடாது, நிற்கவும் கூடாது. நிற்பவரின் முகத்தை நோக்கியே சுடர் ஏறும். தரையில் படுக்க வைத்து, கம்பளியோ தடித்த பருத்திப் போர்வையோ சுற்றி உருட்டுங்கள். அணைந்ததும் உடனே குழாய் நீரைக் காயத்தின் மேல் 20 நிமிடம் ஓட விடுங்கள். குழாய் இல்லாத இடத்தில் குவளையால் மெல்ல மெல்ல ஊற்றலாம். உள்ளே தங்கிய வெப்பம் தோலின் ஆழத்தைத் தொடர்ந்து சுட்டுக்கொண்டிருக்கும். அதைத் தணிப்பதே இதன் நோக்கம். தாமதமானாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயனுண்டு. பனிக்கட்டி வைக்கக் கூடாது. அது இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும். குழந்தைகளுக்கும் பரந்த காயமுள்ளவர்களுக்கும் உடல் குளிர்ந்துவிடாமல் மற்ற பகுதிகளைப் போர்த்திவையுங்கள்.

வளையல், மோதிரம், கொலுசு, இடுப்புக் கயிறு ஆகியவற்றை வீக்கம் தோன்றுமுன் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, பேனா மை, தோசை மாவு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அந்த மூதாட்டியின் கைகளில் அன்புடன் பூசப்பட்ட பற்பசையைக் கழுவி எடுக்கவே எங்கள் செவிலியர்களுக்கு வெகுநேரம் ஆயிற்று. அது வரை காயத்தின் ஆழத்தை எங்களால் கணிக்க முடியவில்லை. நீர் ஊற்ற வேண்டிய நேரமும் வீணாகியிருந்தது. துவைத்த பழைய வேட்டியால் தளர்வாக மூடி, 108 ஊர்தியில் அழைத்து வாருங்கள்.

மூடிய அறையில் தீயில் சிக்கியவருக்குக் குரல் கம்மியிருந்தாலோ, மூக்கு முடி கருகியிருந்தாலோ, சளியில் கரி தெரிந்தாலோ, வெளிக்காயம் சிறிதானாலும் காத்திருக்க வேண்டாம். மூச்சுப் பாதை உள்ளே வீங்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் அது அடைபடக்கூடும். நோயாளியின் விரல்கள் உட்பட உள்ளங்கையின் பரப்பு அவர் உடலில் ஏறக்குறைய 1 விழுக்காடு. அந்த அளவுக்கு மேற்பட்ட காயத்தையும், முகம், கை, கால், பிறப்புறுப்பு, மூட்டு ஆகியவற்றில் ஏற்பட்ட எந்தக் காயத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செலவு பற்றிக் கவலைப்படும் குடும்பத்தாருக்கு ஒரு தகவல். பதிவு செய்யப்பட்ட இணைப்புள்ள வீட்டில் எரிவாயுவால் நேரும் விபத்துகளுக்கு எண்ணெய் நிறுவனங்கள் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்துள்ளன. வாடிக்கையாளர் தனியாகத் தவணை செலுத்த வேண்டியதில்லை. விபத்தை விநியோகஸ்தரிடம் உடனே எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும்; மருத்துவச் சீட்டுகளின் மூலப் பிரதிகளைப் பத்திரப்படுத்த வேண்டும். அங்கீகாரமற்ற குழாய், ரெகுலேட்டர் பொருத்தியிருந்தால் கோரிக்கைக்குச் சிக்கல் நேரலாம்.

மூதாட்டியின் கேள்விக்கு நாங்கள் சொன்ன விடை: பற்ற வைக்கலாம், ஆனால் ஆறு மாதம் கழித்து, விரல்களின் பிடி வலுப்பட்ட பின்பு, வீட்டில் இன்னொருவர் வந்து முகர்ந்து பார்த்துச் சன்னலைத் திறந்த பிறகு, புதிய குழாயும் தரையருகே எச்சரிக்கைக் கருவியும் பொருத்திய அடுப்பில். மருமகள் சற்றுத் தயங்கி, அந்த முகர்ந்து பார்க்கும் வேலையைத் தாமே ஏற்பதாகச் சொன்னார். அடுத்த பயிற்சிக்கு இருவரும் வரும் மாத முதல் வாரத்தில் வருகிறார்கள்.